தீவனத்தில் கலந்த மருந்து

பெனிசிலின் என்னும் பெயரைக் கேட்டறியாத இல்லம் இன்று நம் நாட்டில் இராது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் காயமுற்ற வீரர்களைக் காத்த அம்மருந்து, போர் ஓய்ந்ததும் பொதுமக்கள் கைக்கு எட்டியது. அதனைத் தொடர்ந்து ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிக்கால், டெட்ராசைக்ளின் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய மருந்துகள் வந்தன. சயரோகமும் நிமோனியாவும் டைபாய்டும் பிரசவ சுரமும் வீடுதோறும் உயிர் கொண்டு சென்றதைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு இவை அமுதம் போலவே தோன்றின. இம்மருந்துகள் மனிதனுக்குச் செய்த நன்மையின் வரலாறு பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அவை தொழுவத்திற்கும் கோழிக் கூண்டிற்கும் சென்று சேர்ந்த வரலாறும், அங்கிருந்து வேறொரு வடிவில் நம்மிடமே திரும்பி வந்த வரலாறும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அதனை இங்கே சிறிது விரிவாகக் காண்போம்.

இவ்வரலாறு தொடங்கும் இடம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துச் சிற்றூராகிய பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடம். அதன் ஆராய்ச்சித் தலைவராக விளங்கியவர் நம் நாட்டவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, கடல் கடந்து சென்றவர். அவருடைய தலைமையில், எழுபது வயதைக் கடந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டுக்கர் என்பார், பல இடங்களிலிருந்து வந்த மண் மாதிரிகளைச் சோதித்து வந்தார். மிசௌரிப் பல்கலைக்கழகத்திற்குரிய வயலின் மண் ஒன்றிலிருந்து பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அது சுரந்த பொருளுக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். 1948-ல் உலகிற்கு அறிவிக்கப்பட்ட அம்மருந்தே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். தம் கூடத்தில் பிறந்த மருந்து அடுத்த நான்கு மாதங்களில் கோழிக்குஞ்சுகளின் தீவனத்தில் கலக்கப்படும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

அதே கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்னும் விஞ்ஞானி கோழித் தீவனத்தைப் பற்றி ஆராய்ந்து வந்தார். மீன்தூள், இறைச்சித்தூள் போன்றவை போர்க்காலத்தில் அரிதாகிவிட்டமையால், சோயா மொச்சையைக் கொண்டே குஞ்சுகளை வளர்க்க வேண்டியிருந்தது. ஆனால் தானியமும் பயறும் மட்டும் தின்ற குஞ்சுகள் சரியாக வளரவில்லை. அவற்றிற்குக் குறையாக இருந்தது பி12 என்னும் வைட்டமின். ஆரியோமைசினைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவுப் பிண்டத்தில் அந்த வைட்டமின் இருக்கலாம் என்று கருதி, ஜூக்ஸ் அதைச் சில குஞ்சுகளுக்கு ஊட்டினார். 1948 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாளாதலால் உதவியாளர்களுக்கு விடுமுறை. ஜூக்ஸ் தாமே வந்து குஞ்சுகளை நிறுத்துப் பார்த்தார். விலையுயர்ந்த கல்லீரல் சத்தை உண்ட குஞ்சுகளைக் காட்டிலும் கழிவுப் பிண்டத்தை உண்ட குஞ்சுகள் எடை மிகுந்திருந்தன. பி12 மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று அவரும் அவருடைய துணைவர் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்பாரும் விரைவில் உணர்ந்தனர். பிண்டத்தில் எஞ்சியிருந்த மருந்தே அந்த வேலையைச் செய்திருந்தது. 1950 ஏப்ரலில் இச்செய்தி வெளிவந்தபோது பத்திரிகைகள் அதைப் பெரும் பேறாகக் கொண்டாடின.

அவ்வாறு கொண்டாடியதில் வியப்பில்லை. போரினால் நலிந்த நாடுகளில் இறைச்சியும் முட்டையும் அரிய பொருள்களாக இருந்த காலம் அது. பிரிட்டனில் இறைச்சிப் பங்கீடு 1954 வரை நீடித்தது. ஒரு டன் தீவனத்தில் சில கிராம் மருந்தைக் கலந்தால், அதே தீவனத்திற்குக் கூடுதலான இறைச்சி கிடைக்கும் என்றால் எந்தக் குடியானவன் வேண்டாமென்பான்? 1951-ல் அமெரிக்க அரசாங்கம் மருத்துவர் சீட்டு இல்லாமலே தீவனத்தில் மருந்து கலக்க அனுமதித்தது. 1953-ல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றிப் பன்றிக்கும் கோழிக்கும் பெனிசிலினையும் ஆரியோமைசினையும் தீவனம் வழியே ஊட்ட வகை செய்தது. மனிதர்கள் அதே பெனிசிலினை வாங்கச் சீட்டு வேண்டும் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

இச்சிறு அளவு மருந்து எவ்வாறு உடலை வளர்க்கிறது என்ற கேள்விக்கு முழுமையான விடை எளிதில் கிட்டவில்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களை அது அடக்குவதால் தீவனத்தின் சத்து விலங்கிற்கே சேர்கிறது என்பது பொதுவான விளக்கம். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தூய்மையான, புதிதாகக் கட்டிய கூடங்களில் மருந்தின் பயன் மிகச் சிறிதாகவே இருந்தது. நெருக்கமும் அழுக்கும் மிகுந்த பழைய கொட்டில்களில் பயன் பெரிதாக இருந்தது. துடைப்பமும் நல்ல காற்றும் செய்ய வேண்டிய வேலையை ஒரு மருந்தைக் கொண்டு செய்யத் தொடங்கினார்கள் என்று நான் கருதுவது இதனாலேதான்.

இதில் மறைந்திருந்த ஆபத்தை அறியாதவர் இல்லாமலில்லை. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-ல் நோபெல் பரிசு பெற்ற வேளையில் ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். கோடிக்கணக்கான கிருமிகளில் தற்செயலாக ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றிருக்கும். மருந்து படும்போது மற்றவை மடிய, அந்த ஒன்றிரண்டுமே போட்டியின்றிப் பெருகும். பயிரெல்லாம் கருகிய வயலில் வறட்சி தாங்கும் களை மட்டும் தழைப்பது போன்றது இது. நாள்தோறும் சிறுகச் சிறுக மருந்து தின்னும் விலங்கின் குடல் அத்தகைய வயலாகவே ஆகிவிடுகிறது.

ஆயினும் அந்நாளில் விஞ்ஞானிகள் பெரிதாக அஞ்சவில்லை. கோழியின் குடலில் ஒரு கிருமி எதிர்ப்புத் தன்மை பெற்றால் அதன் வழித்தோன்றல்களுக்கே அத்தன்மை சேரும். கோழிக் கிருமி கோழியோடு போகும். மனிதனுக்கு நோய் தரும் கிருமி வேறு என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தைத் தகர்த்த செய்தி ஜப்பானிலிருந்து வந்தது.

1950-களில் ஜப்பானில் சீதபேதி பரவியபோது மருத்துவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். சல்பா மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிக்கால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கிற்குமே அடங்காத சீதபேதிக் கிருமிகள் தோன்றியிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அன்றி நான்கு எதிர்ப்புகளும் ஒருசேர வந்திருந்தன. அதே நோயாளியின் குடலில் இயல்பாக வாழும் எஷரிக்கியா கோலி என்னும் பாக்டீரியாவிலும் அதே நான்கு எதிர்ப்புகள் காணப்பட்டன. 1959-ல் ஒச்சியாய், அகிபா என்னும் அறிஞர்கள் அடங்காத வகையையும் அடங்கும் வகையையும் ஒரே குழாயில் கலந்து வைத்துப் பார்த்தனர். எதிர்ப்புத் தன்மை ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்கு மாறியது. பாக்டீரியாவின் உடலில் அதன் மூல மரபுப் பொருளுக்குப் புறம்பாக ஒரு சிறு வளையம் இருக்கிறது. மருந்தை எதிர்க்கும் குறிப்புகள் அதில் அமைந்திருக்கின்றன. இரு பாக்டீரியாக்கள் நெருங்கும்போது ஒன்று அவ்வளையத்தைப் படியெடுத்து மற்றொன்றிற்குக் கொடுக்கிறது. ஏட்டுச்சுவடி வைத்திருப்பவர் அண்டை வீட்டாருக்குப் படி எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் சுவடியைத் தாமே வைத்துக் கொள்வதைப் போன்றது இச்செயல். கொடுத்ததனால் அவருக்குக் குறைவில்லை. சுவடியில் நான்கு பாட்டு இருந்தால் நான்கும் ஒருங்கே போய்ச் சேரும். 1963-ல் சுதோமு வதனாபே என்பவர் இவற்றையெல்லாம் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிய பிறகே மேல்நாட்டு அறிஞர் பலர் இதன் பொருளை உணர்ந்தனர். லண்டனில் நவோமி தத்தா என்னும் பெண்மணி, 1959-ல் ஒரு மருத்துவமனையில் பரவிய சால்மொனெல்லாக் கிருமிகளில் இதே மாற்றத்தைக் கண்டு 1962-ல் வெளியிட்டிருந்தார்.

இனி நாம் கன்றுக்குட்டிகளிடம் வருவோம்.

லண்டனின் வடபகுதியில் காலிண்டேல் என்னும் இடத்தில் பொதுச் சுகாதார ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே குடல்நோய்க் கிருமிகளை அடையாளம் காணும் பிரிவின் தலைவர் எப்ராயிம் ஆண்டர்சன். நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளிலிருந்தும் கால்நடை மருத்துவர்களிடமிருந்தும் சால்மொனெல்லாக் கிருமிகள் அவரிடம் வந்து சேரும். அவற்றை வகைப்படுத்த அவர் கையாண்ட முறை பாஜ் என்னும் நுண்மங்களைக் கொண்டது. பாக்டீரியாவையே இரையாகக் கொள்ளும் வைரஸ்களுக்குப் பாஜ் என்று பெயர். ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் என்னும் ஆங்கிலேயர் கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் மடிவதை 1896-ல் குறிப்பிட்டதுண்டு. அது பாஜ்களின் வேலையாகலாம் என்று பிற்காலத்தவர் கருதினர். எந்தெந்தப் பாஜ்களுக்கு ஒரு கிருமி இரையாகிறது என்று பார்த்து அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். கைரேகையைக் கொண்டு ஆளை அறிவது போல, அந்த எண்ணைக் கொண்டு, நூறு மைல் தொலைவில் இருவேறு ஊர்களில் கிடைத்த கிருமிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று சொல்லிவிடலாம்.

1960-களின் முற்பகுதியில் 29 என்ற எண்ணுடைய சால்மொனெல்லா டைபிமூரியம் கிருமி ஆண்டர்சனின் மேசைக்கு மேன்மேலும் வரலாயிற்று. பெரும்பாலும் கன்றுகளிடமிருந்தே வந்தது. ஏன் கன்றுகள்? இதற்கு விடை காண அந்நாட்டுக் கன்று வியாபாரத்தை அறிய வேண்டும். பால்பண்ணைக்குக் காளைக்கன்று பாரம். பிறந்த சில நாட்களிலேயே அதைச் சந்தைக்கு அனுப்பிவிடுவர். தாயின் சீம்பாலைப் போதிய அளவு குடிக்காத கன்றுக்கு நோய் தாங்கும் வலிமை இராது என்பது மாடு வளர்த்த யாவரும் அறிந்ததே. அத்தகைய பச்சிளங் கன்றுகள் பல பண்ணைகளிலிருந்து வாங்கப்பட்டு, லாரிகளில் நெருக்கி ஏற்றப்பட்டு, வியாபாரியின் கொட்டிலில் ஒன்றாக அடைக்கப்பட்டு, பின்னர் இறைச்சிக்காக வளர்ப்போருக்கு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் விற்கப்பட்டன. ஒரு கன்றுக்குக் கழிச்சல் கண்டால் கொட்டில் முழுவதற்கும் காணும். வளர்ப்போர் என்ன செய்வார்? நோய் கண்ட கன்றுக்கும் காணாத கன்றுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். முதல் மருந்து பலிக்காவிடில் இரண்டாவது. அதுவும் பலிக்காவிடில் மூன்றாவது.

29-ஆம் வகைக் கிருமியும் ஈடு கொடுத்தது. முதலில் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் சல்பா மருந்துகளுக்கும், பின்னர் டெட்ராசைக்ளினுக்கும், 1965-க்குள் ஆம்பிசிலின் முதலிய புதிய மருந்துகளுக்கும் அது அடங்காததாயிற்று. மருந்துக் கடையில் புதிய சரக்கு வந்த வரிசையிலேயே எதிர்ப்பும் வந்தது. ஆண்டர்சன் பரவலின் பாதையைப் பின்பற்றிச் சென்றபோது, பெரும்பாலான கன்றுகள் ஒரே வியாபாரியின் கை வழியே சென்றவை என்று புலப்பட்டது. அதே 29-ஆம் வகை மனிதர்களிடமும் தோன்றியது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் மருந்தின்றியே சில நாட்களில் தேறிவிடுவர். ஆனால் கிருமி குடலை விட்டு இரத்தத்தில் புகுந்துவிட்டால், அதிலும் குழந்தைக்கும் முதியவருக்கும் அவ்வாறு நேர்ந்துவிட்டால், மருந்துதான் துணை. அந்த மருந்து பயனற்றதாகியிருந்தது.

ஆண்டர்சன் அமைதியான சுபாவம் உடையவரல்லர். மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியதோடு நாளிதழ்களுக்கும் வானொலிக்கும் சென்று பேசினார். கால்நடை வளர்ப்பில் மருந்து பயன்படுவதை முற்றிலும் மறுபரிசீலனை செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது என்று 1965-ல் வற்புறுத்தினார். கன்றுகளைச் சுத்தமாகவும் நெருக்கமின்றியும் வளர்த்தால் நோயே குறையும். மருந்தால் அந்தப் பரவலை நிறுத்த முடியாது என்பதே அவர் கட்சி. அவருக்கிருந்த பேரச்சம் மற்றொன்று. சால்மொனெல்லாவுக்குள் ஏறிய அந்தச் சிறு வளையம் டைபாய்டுக் கிருமிக்குள் ஏறினால் என்ன ஆகும்? டைபாய்டுக்கு அந்நாளில் உயிர்காக்கும் மருந்து குளோராம்பெனிக்கால்.

இந்த அச்சம் வெறும் கற்பனையாக முடியவில்லை. 1972-ல் மெக்சிகோ நாட்டில் குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு பெருவாரியாகப் பரவியது. அதே ஆண்டில் நம் நாட்டிலும், கேரளத்தின் கோழிக்கோட்டில், அத்தகைய டைபாய்டு தோன்றியது. எதிர்ப்புத் தன்மை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றிற்குக் கைமாறக் கூடியது என்பதை அங்குள்ள அறிஞர்களே நிறுவினர். டைபாய்டு மனிதனிடமிருந்து மனிதனுக்கே பரவும் நோயாதலால் இதன் பழியைக் கால்நடைகளின் மேல் சுமத்துவதற்கில்லை. படியெடுத்துக் கொடுக்கும் அந்தப் பழக்கம் எத்தனை தூரம் செல்லும் என்பதை அது காட்டியது.

பிரிட்டனில் 1967-ன் பிற்பகுதியில் மிடில்ஸ்பரோ வட்டாரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காத கிருமியால் வயிற்றுப்போக்கு கண்டு பச்சிளங்குழந்தைகள் பல இறந்தன. அக்கிருமி பண்ணையிலிருந்து வந்தது என்று நிறுவப்படவில்லை. எனினும் மக்கள் மனம் கலங்கியது, பத்திரிகைகள் எழுதின, பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. 1968-ல் அரசாங்கம் எடின்பரோ பல்கலைக்கழகத் தலைவரான மைக்கேல் ஸ்வான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1969 நவம்பரில் குழுவின் அறிக்கை வெளிவந்தது. விலங்குகளுக்கு மருந்தூட்டுவது மனிதனின் உடல்நலத்திற்கு ஆபத்து விளைக்கிறது என்பதை ஓர் அரசாங்கக் குழு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது பெரிய செயலே. மனிதனுக்கு மருந்தாகாதவற்றை மட்டும் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கலாம். பெனிசிலின், டெட்ராசைக்ளின் போன்ற மனித மருந்துகளைக் கால்நடை மருத்துவரின் சீட்டின்றிக் கொடுக்கலாகாது என்று அது பிரித்துரைத்தது. 1971 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

பிரிவு தெளிவானது, பலன் தெளிவாக இல்லை. முன்பு வளர்ச்சிக்கென்று கலந்த அதே டெட்ராசைக்ளினை, நோய் வராமல் தடுப்பதற்கென்று மருத்துவர் சீட்டெழுதிக் கொடுக்கத் தடையில்லை. கன்றுக் கொட்டிலில் நடந்தது தொடக்கத்திலிருந்தே இதுதான் என்பதை முன்னர்க் கண்டோம்; அங்கே மருந்து ஊட்டியது சிகிச்சைக்கும் தடுப்புக்குமேயன்றி எடை கூட்டுவதற்காக அன்று. குழுவினர் பையின் மேலுள்ள பெயர்ச்சீட்டைச் சீர்திருத்தினார்கள். கிருமிக்கோ எழுத்தறிவு இல்லை. 1970-களின் இறுதியில் 193, 204 என்னும் எண்களுடைய புதிய வகைகள் அதே கன்று வியாபாரத்தின் வழியே, முன்னிலும் அதிகமான மருந்துகளுக்கு எதிர்ப்புடன் பரவின. ஸ்வான் அறிக்கை ஏன் தோற்றது என்று பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை 1980-ல் தலையங்கத் தலைப்பிலேயே வினவியது.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. பாஸ்டன் நகரத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் லெவி, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறு பண்ணை ஒன்றில் 300 கோழிக்குஞ்சுகளை வளர்க்கச் செய்தார். பாதிக்கு மருந்து கலந்த தீவனம். பாதிக்குக் கலவாத தீவனம். மருந்துண்ட கோழிகளின் குடலில் டெட்ராசைக்ளினுக்கு அடங்காத கிருமிகள் சில நாட்களுக்குள் நிறைந்தன. சில வாரங்களில், ஊட்டாத வேறு மருந்துகளுக்கும் எதிர்ப்புத் தோன்றியது. ஐந்தாறு மாதங்களில் அப்பண்ணையில் வாழ்ந்த குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் மிகுந்தன. அக்கம்பக்கத்தாரிடம் அவ்வாறு இல்லை. குடும்பத்தார் அம்மருந்தை உண்டவர்கள் அல்லர். தீவனத்தில் மருந்தை நிறுத்திய ஆறு மாதங்களில் பெரும்பாலோரிடம் அவை மறைந்தன. இப்பரிசோதனைக்குப் பொருளுதவி செய்தது கால்நடை மருந்து தயாரிப்போரின் சங்கம் என்பது சுவையான செய்தி. 1976-ல் முடிவு வெளிவந்தது. மறு ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெனிசிலினையும் டெட்ராசைக்ளினையும் தீவனத்திலிருந்து விலக்க முன்வந்தது. காங்கிரஸ் சபையில் பண்ணைத் தொழிலாருக்கு இருந்த செல்வாக்கினால் அம்முயற்சி கிடப்பில் போடப்பட்டு, 2011-ல் முறைப்படி கைவிடப்பட்டது. மனித மருந்துகளை வளர்ச்சிக்காக ஊட்டுவது அங்கே வேறொரு வழியில் 2017 ஜனவரியில்தான் நின்றது.

ஐரோப்பாவில் முதலில் துணிந்தது சுவீடன். 1986-ல் வளர்ச்சி மருந்துகளை அது முற்றிலும் தடுத்தது. கேட்டுக்கொண்டவர்களே குடியானவர் சங்கத்தினர். தொடக்கத்தில் பன்றிக்குட்டிகளிடம் கழிச்சல் பெருகியது. பிறகு பால் மறக்கச் செய்யும் வயதைத் தள்ளிவைத்தும், கொட்டில்களைத் திருத்தியும் நிலைமையைச் சீர்செய்தனர். அடுத்தது டென்மார்க். அங்கே அவோபார்சின் என்னும் மருந்தைத் தீவனத்தில் கலந்து வந்தனர். அது மனித மருந்தன்று. ஆதலால் ஸ்வான் குழுவின் பிரிவுப்படி குற்றமற்றது. ஆனால் மருத்துவமனைகளில் கடைசித் துணையாகக் கருதப்பட்ட வான்கோமைசினுக்கு அது நெருங்கிய உறவு. ஒன்றை எதிர்க்கக் கற்ற கிருமி மற்றதையும் எதிர்த்தது. 1994-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் நோயாளிகளுக்குச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. விலங்குகளுக்குச் செலவான அவோபார்சின் 24,000 கிலோ. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு வாதத்திற்கு அதிக இடமில்லை. 1995-ல் டென்மார்க்கும் 1997-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அவோபார்சினைத் தடுத்தன. வளர்ச்சிக்கான எல்லா நுண்ணுயிர்க்கொல்லிகளும் 2006 ஜனவரி முதல் தேதியன்று ஒன்றியம் முழுவதும் நின்றன. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆண்டர்சன் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.

இக்கதையின் மிக அண்மைய அத்தியாயம் சீனத்தில் நடந்தது. கோலிஸ்டின் என்பது பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் இயல்புடையதாதலால் மருத்துவர்கள் அதை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டனர். விலை மலிவாதலால் பண்ணையாளர் ஒதுக்கவில்லை. பின்னர், மற்ற மருந்துகளெல்லாம் தோற்ற நோயாளிகளுக்கு வேறு கதியின்றி மருத்துவர்கள் கோலிஸ்டினிடம் திரும்பி வந்தபோது, அது பன்றித் தொழுவங்களில் ஆண்டுக்கணக்காகப் பயன்பட்டுக் கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன அறிஞர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஷாங்காய்ப் பண்ணையொன்றின் பன்றியிடம் கிடைத்த எஷரிக்கியா கோலியில், கோலிஸ்டினை எதிர்க்கும் மரபுக்கூறு அந்தக் கைமாறும் வளையத்தின் மேல் அமர்ந்திருந்தது. அவர்கள் சோதித்த 804 விலங்குகளில் 166-இலும், 523 இறைச்சி மாதிரிகளில் 78-இலும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அது காணப்பட்டது. விலங்கில் மிகுதி, இறைச்சியில் அடுத்தபடி, மனிதனில் சிறிது என்ற இந்த வரிசை அது எத்திசையில் பயணம் செய்திருக்கும் என்பதைக் குறிப்பாகச் சொல்லிவிடுகிறது. சில மாதங்களுக்குள் உலகின் பல நாடுகளிலிருந்து அதே மரபுக்கூறு கண்டறியப்பட்ட செய்தி வந்தது. 2017-ல் சீனம் கோலிஸ்டினை வளர்ச்சித் தீவனத்திலிருந்து விலக்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழி மேய்ந்த காலம் போய், ஆயிரக்கணக்கில் கூண்டில் அடைத்து வளர்க்கும் காலம் வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம் தலைநகரிலும் சுற்றுப்புறத்திலும் வாங்கிய 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் நூற்றுக்கு நாற்பதில் மருந்தின் எச்சம் இருந்ததாக 2014-ல் அறிவித்தது. பஞ்சாபில் 18 கோழிப்பண்ணைகளில் செய்த ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. முட்டைக்கு வளர்க்கும் கோழிகளைக் காட்டிலும் இறைச்சிக்கு வளர்க்கும் கோழிகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிகுதியாக இருந்தன. எச்சம் வேறு, எதிர்ப்பு வேறு என்பதைப் பிரித்தறிய வேண்டும். இறைச்சியில் தங்கிய மருந்துத் துணுக்கு எச்சம். அம்மருந்துக்குப் பழகிய உயிருள்ள கிருமி மற்றது. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி மடியும். ஆயினும் பச்சை இறைச்சியை அரிந்த கத்தி, அதே பலகையில் அடுத்து நறுக்கும் வெள்ளரிக்காய், அரிந்த கை ஆகியவை அடுப்பில் ஏறுவதில்லை. புலால் உண்ணாத குடும்பத்தார் தமக்கு இதில் பங்கில்லை என்று எண்ணவும் இயலாது. கோழி எரு காய்கறி வயலுக்குச் செல்கிறது, பண்ணைக் கழிவு ஓடையில் கலக்கிறது. லெவியின் பரிசோதனையிலும் கிருமி வீட்டிற்குள் வந்தது கோழியோடு பழகிய வழியாலேயே என்று கருதப்பட்டது.

2019 ஜூலையில் இந்திய அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றிற்காகக் கோலிஸ்டினைத் தயாரிப்பதும் விற்பதும் வினியோகிப்பதும் தடுக்கப்பட்டன. மனிதர்களுக்காக அம்மருந்தைத் தயாரிப்போர், அதனுடன் வரும் குறிப்புத்தாளில், இது மேற்சொன்ன எவற்றிற்கும் பயன்படுத்தலாகாது என்று அச்சிடவேண்டும் என்பதும் அந்த ஆணையின் ஒரு பகுதி.